ஆசம்சைகளும் ஒரு மாமியாரும்

பாறசாலைப் பக்கத்தில் கூட்டம் நடத்துவதற்கு விஷயம் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மைக், குத்துவிளக்கு, பிளாஸ்டிக் நாற்காலி, ஆசம்சை சொல்ல ஆட்கள், இவை இருந்தால் போதும். ஆசம்சை என்றால் வாழ்த்துரை. எதை வாழ்த்துகிறோம் என்று வாழ்த்துகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் நோட்டீசில் அவர் பெயர் இருந்தே தீர வேண்டும். விட்டுப்போனால் மனுஷன் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வர மாட்டார், சாவுக்கும் வர மாட்டார். அதனால் இரண்டு கட்சியிலிருந்தும் ஆளுக்கு ஒருவர், கோயில் கமிட்டி, சர்ச் பங்குப் பேரவை, பால் சொசைட்டி, வியாபாரிகள் சங்கம், நூலகம் என்று மேடை நிறைந்துவிடும். மேடையில் ஏறினால் மலையாளம், இறங்கினால் தமிழ். அதுவும் எங்கள் எல்லையோர ஊர் வழக்கம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், உதியன்குளங்கரை முக்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மாதர் சுகாதார அமைப்பில் எனக்கு வேலை. ஆங்கிலம் படித்த பெண் என்பதால் மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டிலிருந்து வருகிற கடிதத்தை எங்களுக்குப் புரிகிற மாதிரியும், நாங்கள் செய்யாத வேலையை வெளிநாட்டுக்குப் புரிகிற மாதிரியும் எழுதுவது என் பொறுப்பு. மாதர் அமைப்புதான், ஆனால் செயலாளர் ஆண். ஓய்வுபெற்ற அதிகாரி. வீட்டில் சும்மா இருந்தால் மனைவியோடு பேச வேண்டிவரும் என்று பெண்கள் முன்னேற்றத்துக்கு வந்தவர். கெட்டவர் இல்லை. வெட்கம் மட்டும் கொஞ்சம் அதிகம். மாதவிடாய் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மற்றே விஷயம்' என்பார். கர்ப்பப்பைக்கும் 'மற்றே விஷயம்' என்றுதான் சொல்வார். எந்த விஷயம் என்பதை அவர் முகம் எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்து நாங்கள் கண்டுபிடித்துக்கொள்வோம்.

அப்படிப்பட்டவர் கையில்தான் ஒரு நாள் அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது. பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பை அறுக்கும் வழக்கத்தை உலகத்திலிருந்தே ஒழிப்பதற்கு ஒரு பெரிய முயற்சி நடக்கிறதாம். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு மருத்துவச்சி பல நாடுகளைச் சுற்றி வருகிறாராம். எங்கள் ஊருக்கும் வருவார், பெண்களிடம் பேசுவார். நாங்கள் கூட்டம் கூட்டி ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்ப வேண்டும். கடிதத்தை நான் வாசித்துச் சொல்லச் சொல்ல, செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடியும் கழற்றினார்.

"மோளே, இத நோட்டீசுல எப்பிடி அடிக்கியது?" என்றார்.

"இருக்கதப் போல அடிக்கலாம் சாறே."

"பிரஸ்காரன் எனக்க மூஞ்சில துப்புவான்."

கடைசியில் நோட்டீஸ் இப்படி வந்தது: 'உலகெங்கும் பெண்களை வாட்டும் ஒரு கொடிய வழக்கத்தை ஒழிக்கும் முயற்சி. விளக்கக் கூட்டம்.' எந்த வழக்கம் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆசம்சைக்கு அழைக்கப்பட்டவர்களிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும் அல்லவா.

விருந்தாளி வந்து இறங்கினார். என்னைவிட ஒரு தலை உயரம், உடம்பெல்லாம் மஞ்சளும் பச்சையுமான துணி, ஜீப்பில் உட்கார்ந்தபடியே தெரு முழுக்கக் கேட்கும் சிரிப்பு. எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் 'ஓ, அங்கே அப்படித்தான்' என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அலுவலக மாடியில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கினோம். துணைக்கு நான். முதல் நாளே சாம்பாரைத் தள்ளிவைத்துவிட்டு மீன் கேட்டார்.

மீன் என்றால் எங்கள் மீன்கார அக்காதான். பூவார் கடற்கரையிலிருந்து அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு காலையில் வருவாள். அலுவலகப் படியில்தான் முதல் வியாபாரம். கணவன் கடலுக்குப் போகிறவன், நாலு பெண் பிள்ளைகள். அவள் வருகிறாள் என்பது சாலை முனையிலேயே தெரியும். அவ்வளவு தொண்டை. வெளிநாட்டிலிருந்து வந்தவள் யாராக இருந்தாலும் அக்காவுக்கு மதாம்மா. நிறம் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

"மதாம்மைக்கு நல்ல நெய்மீன் உண்டு. செவுளத் தூக்கிப் பாக்கச் சொல்லு மக்கா."

மதாம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார். அக்கா பதிலுக்கு இடுப்பில் கைவைத்து நின்று முறைத்தாள். மொழிபெயர்க்க நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேரும் விலை பேசி முடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் அப்படியே. எனக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

கூட்டத்தன்று காலையில் எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து சத்தம் வந்தது. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று மஞ்சள் பலகை தொங்கும் கண்ணாடிக் கூண்டு அது. எங்கள் அலுவலகத்துக்கு போன் கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு அந்த பூத்தின் எண்தான் பி.பி. நம்பர். போன் வந்தால் பூத்துக்கார அண்ணன் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து சத்தம் போட்டு அழைப்பார். விருந்தாளியும் அந்த எண்ணைத்தான் தன் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"மதாம்மைக்குப் போன்! வெளிநாடாக்கும், ஓடி வாங்க!"

ஓடினார். பேசிவிட்டு வெளியே வந்தபோது அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பூத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவருக்கு எட்டு வயதில் ஒரே மகள். தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டாயிற்று. அறுக்கிற காலமும் அந்த விடுமுறைதான். புண் ஆறுவதற்கு நாள் வேண்டுமே. மாமியார் கிராமத்திலிருந்து வந்து இறங்கிவிட்டாராம். பேத்திக்குப் புது உடுப்பு வாங்கியாயிற்று, இன்றைய பேருந்தில் கூட்டிக்கொண்டு போகிறார். கிராமத்துக்குப் போன் கிடையாது. போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான். தங்கை கெஞ்சியதில் ஒன்றுக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்: பேருந்து ஏறும் முன்னால் நிலையத்துப் பக்கத்துக் கடையில் நிற்பார், மருமகளுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அங்கே கூப்பிட்டுச் சொல்லலாம். எங்கள் ஊர்க் கணக்கில் அது மூன்றரை மணி.

"உங்கள் கணவர்?" என்று கேட்டேன்.

"அவர் அம்மாவையும் எதிர்க்க மாட்டார், என்னையும் எதிர்க்க மாட்டார். அதனால்தான் தூரத்துத் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஊர் ஊராகப் போய் மற்றவர் பிள்ளைகளுக்காகப் பேசுகிறவர், தன் பிள்ளையிடம் போய்ச் சேர முடியாத தூரத்தில், உதியன்குளங்கரையில், பூத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். செயலாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கும் உண்மையிலேயே வருத்தம்தான்.

"ரெண்டு மணிக்குத் தொடங்குனா மூணுக்குத் தீந்துடும். பேடிக்காதே," என்றார்.

அவர் தீரும் என்று சொன்ன எந்தக் கூட்டமும் அதுவரை சொன்ன நேரத்தில் தீர்ந்ததில்லை. ஆனாலும் மனிதன் நம்புகிறான்.

நூலகத்து ஹாலில் கூட்டம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சாலைக்கு அந்தப் பக்கம் பூத் தெரியும். பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்தால் சாயாவும் ஏத்தங்காய் அப்பமும் உண்டு என்ற செய்தி பரவியிருந்தது. மீன்கார அக்கா காலிச் சருவத்தை வாசலில் கவிழ்த்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் விருந்தாளியையும் என்னையும் தவிர ஒரு பெண் கிடையாது. உத்காடனம் செய்து கூட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டியவர் வந்து சேர்ந்தபோது இரண்டரை மணி ஆகப்போகிறது. குத்துவிளக்கின் முதல் திரி பற்றவில்லை. இரண்டாவது திரி பற்றியது, ஃபேன் காற்றில் அணைந்தது. ஃபேனை நிறுத்தினார்கள், போட்டோக்காரர் பிளாஷ் வேலை செய்யவில்லை, இன்னொரு தடவை கொளுத்தச் சொன்னார்.

விருந்தாளியின் பேச்சு எல்லாவற்றுக்கும் கடைசியில். முதலில் அவர் பேசிவிட்டால் கூட்டம் எழுந்து போய்விடும், ஆசம்சையைக் கேட்க ஆள் இருக்காது என்பது செயலாளரின் அனுபவ ஞானம்.

ஆசம்சைகள் தொடங்கின. கொடிய வழக்கம் எது என்று யாருக்கும் தெரியாதல்லவா, ஆளுக்கொன்றாக அவரவரே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள். முதல் கட்சிக்காரர் வரதட்சணையை ஒழித்தார். அவர் மகனுக்கு வாங்கிய கார் வெளியே நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் கட்சிக்காரர், வரதட்சணை போய்விட்டதே என்று ஒரு நொடி திகைத்து, உடன்கட்டை ஏறுவதைப் பிடித்துக்கொண்டார். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் ஒரு பெண்கூட உடன்கட்டை ஏற நாங்கள் விடமாட்டோம் என்று மேசையில் குத்தினார். கைதட்டல். கோயில் கமிட்டிக்காரர் சாராயத்துக்கு எதிராகப் பேசினார். பங்குப் பேரவைக்காரருக்குத் தொலைக்காட்சித் தொடர்கள். ஒவ்வொருவரும் முடிக்கும்போது, இப்படிப்பட்ட வழக்கத்தை ஒழிக்கக் கடல் கடந்து வந்த சகோதரியை வாழ்த்துகிறேன் என்றார்கள். சகோதரி ஒவ்வொரு தடவையும் எழுந்து கும்பிட்டார். பாவம், நான் மொழிபெயர்க்கவே இல்லை. எதை என்று மொழிபெயர்ப்பது?

மேசை விரிப்பு ஆடிக்கொண்டிருந்தது. காற்று என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் அவருடைய முழங்கால்.

"இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

நோட்டீசைப் பார்த்தேன். பால் சொசைட்டித் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். பின்னால் இன்னும் இரண்டு பேர், அப்புறம் கூட்டத் தலைவர் முடிவுரை, அப்புறம் நன்றி. ஜன்னலுக்கு வெளியே பூத்துக்கார அண்ணன் கதவைத் திறந்து பிடித்தபடி கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். நான் செயலாளரின் காதில் சொன்னேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, மேடைச் சிரிப்பு மாறாமல் பேசினார்.

"இப்ப எழும்பினா பால் சொசைட்டிக்கு மனசு வெஷமம் ஆவும். அவருக்க பேச்சு தீரட்டு."

"அங்க ஒரு கொச்சுப் பிள்ளைக்க காரியம் சாறே."

"எனக்கும் தெரியும் மோளே. ஆனா நாளைக்கு நமக்கு இவங்க எல்லாம் வேண்டாமா?"

எனக்கு வந்த கோபம் இப்போது நினைத்தாலும் காதைச் சுடுகிறது. உலகத்தில் எங்கெங்கோ நடக்கிற கொடுமையை ஒழிக்க மேடை நிறைய ஆண்கள், அந்த ஆண்களின் மனம் நோகக் கூடாது என்பதற்காக ஒரு குழந்தை பேருந்து ஏற வேண்டுமா? பால் சொசைட்டித் தலைவர் பெண்ணைக் குடும்பத்தின் விளக்கு என்று சொல்லி, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். இதில் ஒரு சங்கடமும் இருந்தது. எனக்குப் பேசி வைத்திருந்த நெய்யாற்றின்கரை மாப்பிள்ளைக்கு இவர் தாய்மாமன். என் அடக்க ஒடுக்கத்தை நேரில் பார்த்துவிடலாம் என்றுகூட வந்திருக்கலாம். போய் மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, பிடுங்கினேன்.

"ஒரு நிமிஷம் சாறே. ஒழிக்க வேண்டிய வழக்கம் எதுவென்று விருந்தாளி முதலில் சொல்லட்டும். தெரிந்துகொண்டு வாழ்த்தலாம்."

விருந்தாளி எழுந்தார். மருத்துவச்சி அல்லவா, சுற்றி வளைக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். நான் மலையாளத்தில் சொல்லவில்லை. முன்வரிசைக்குப் புரிகிற எங்கள் தமிழில் சொன்னேன்.

சின்னப் பெண் பிள்ளைகளை நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள், தொடையை விரிப்பார்கள், பிளேடாலோ கத்தியாலோ இன்ன இடத்தை அறுத்து எடுப்பார்கள், சில ஊர்களில் மிச்சத்தைத் தைத்தும் விடுவார்கள். 'இன்ன இடம்' என்று நான் அங்கே சொல்லவில்லை. அதற்கு ஊரில் என்ன சொல்லோ அதையே மைக்கில் சொன்னேன். அந்தச் சொல்லை இங்கே அச்சில் போட வேண்டாம். காலையில் மீன் சந்தையில் போய் நின்றால் சும்மாவே காதில் விழும்.

அப்புறம் மேடையில் நாற்காலிகள் நகரும் சத்தம். கோயில் கமிட்டிக்காரருக்கு நடை திறக்க நேரமாகிவிட்டது. முதல் கட்சிக்காரருக்குக் காட்டாக்கடையில் ஒரு கல்யாண வரவேற்பு ஞாபகம் வந்தது, இரண்டாம் கட்சிக்காரருக்கும் அதே வரவேற்பு. வாழ்நாளில் முதல் தடவையாக இருவரும் ஒரே காரில் போனார்கள். பால் சொசைட்டித் தலைவர் பசு கறக்கிற நேரம் என்று முனகினார். அவர் வீட்டில் பசு இல்லை என்பது ஊருக்கே தெரியும். செயலாளர் மேசைக்கு அடியில் செருப்பைத் தேடினார், வெகுநேரம் தேடினார். கூட்டத் தலைவர் மட்டும் முறைப்படி முடிவுரை சொல்லாமல் எழுந்துபோக முடியாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டார்.

பெண்கள் யாரும் அசையவில்லை.

பின்னாலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தி, "நம்ம நாட்டுல இதொண்ணும் இல்லியே," என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். நான் அதை விருந்தாளிக்குச் சொன்னேன். உங்கள் நாட்டிலும் இதைச் செய்கிற வீடுகள் உண்டு, யாரும் சத்தமாகச் சொல்வதில்லை என்றார் அவர். மேசைக்கு அடியிலிருந்து செயலாளரின் இருமல் கேட்டது.

மீன்கார அக்கா எழுந்தாள். "எதுக்காக்கும் அறுக்கியது?"

"பெண் அடங்கி இருப்பாளாம். கல்யாணம் நடக்குமாம்."

"ஆருக்க தீருமானம்? ஆம்பிளையளா?"

விருந்தாளி கொஞ்சம் தயங்கினார். "ஆண்களுக்காகத்தான். ஆனால் முடிவு செய்து கூட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் மாமியார்."

மாமியார் என்ற ஒரு வார்த்தை போதும், ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது என்று தெரியாதவளுக்கும் விஷயம் முழுக்கப் பிடிபட்டுவிட்டது. ஹால் முழுவதும் முணுமுணுப்பு. விருந்தாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு அவரே தன் மகளைப் பற்றிச் சொன்னார். எட்டு வயது, புது உடுப்பு, பேருந்து. நான் அதையும் முன்வரிசைக்குச் சொன்னேன்.

"பின்ன இஞ்ச நிண்ணு பிரசங்கம் கேட்டுட்டு நிக்கியா?" என்று அக்கா என் மேல் பாய்ந்தாள். "நட!"

சாலையைக் கடந்தது ஒரு ஊர்வலம். பேருந்து ஒன்று ஹாரன் அடித்து, பயந்து நின்றது. பூத்துக்கார அண்ணன் ஏற்கெனவே எண்ணைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் நிற்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் விருந்தாளி, நான், அக்கா மூவரும் நுழைந்தோம். மற்றவர்கள் வெளியே கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார்கள். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் போட்டார். எங்கேயோ மணியடித்தது, அறுந்தது. மறுபடியும். ஒரு ஆண் குரல். கடைக்காரர். அப்புறம் ஒரு வயதான பெண் குரல். வந்துவிட்டார்.

விருந்தாளி முதலில் பணிவாகப் பேசினார். மொழி தெரியாவிட்டால் என்ன, மருமகள் மாமியாரிடம் பேசுகிற குரல் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. பிறகு கெஞ்சினார். பிறகு சும்மா கேட்டுக்கொண்டே நின்றார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"பரம்பரை பரம்பரையாகச் செய்ததை நிறுத்த நீ யார் என்கிறார். உனக்குச் சம்பளம் கொடுக்கிற வெள்ளைக்காரிகளைத் தவிர உலகத்தில் வேறு யாராவது இதைத் தப்பு என்று சொன்னார்களா என்கிறார். பேருந்து வந்துவிட்டதாம். வைக்கப் போகிறார்."

அக்கா என் முழங்கையில் இடித்தாள். "என்ன சொல்லுது கெழவி?" சொன்னேன்.

"வெள்ளக்காரியளா? அத இஞ்ச தா."

விருந்தாளி கையிலிருந்த ரிசீவர் அக்காவின் காதுக்குப் போய்விட்டது. போன் இல்லாமலே ஆப்பிரிக்காவுக்குக் கேட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

"ஏட்டி கெழவி! கேக்குதா? நான் பூவாறுல மீன் விக்கியவளாக்கும். என்னப் பாத்தா ஒனக்கு வெள்ளக்காரியாத் தோணுதா? நாலு பெண்ணு பெத்தேன். நாலையும் தம்புரான் தந்தது போல முழுசா வச்சிருக்கேன். ஒண்ணுக்கும் ஒரு கொறவும் இல்ல. ரெண்டெண்ணத்துக்குக் கல்யாணமும் ஆச்சு. ஒனக்க மருமவ இஞ்ச நிண்ணு அழுது கரையியா. கொச்சுக்க மேல கத்தி பட்டுதோ, மாதாவாண, நான் கப்பலேறி அங்க வருவேன், கேட்டியா!"

அத்தோடு நிறுத்தினாளா? இல்லை. மாமியாரின் சமையல், அவருடைய முன்னோர்கள், சாகிறபோது தண்ணீர் தர ஆள் இருக்காது என்பது, எல்லாம் வந்தது. இடையில் தன்னுடைய சொந்த மாமியாருக்குச் சேர வேண்டிய பாக்கியும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின. பூத்துக்கார அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டார். வெளியே நின்ற பெண்கள் "அப்பிடிச் சொல்லு!" என்று கண்ணாடியைத் தட்டினார்கள்.

மூச்சு வாங்க அக்கா நிறுத்திய இடத்தில் விருந்தாளி ரிசீவரை வாங்கிக்கொண்டார். பிறகு அந்த வயதான குரல் ஏதோ கேட்டது. விருந்தாளி பதில் சொன்னார். இன்னொரு கேள்வி. பதில். சட்டென்று விருந்தாளி கண்ணாடியில் சாய்ந்தார், அழத் தொடங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்ன?"

"அது யார் என்று கேட்டார். இந்தியாவில் மீன் விற்கிற பெண், நாலு பெண்களைப் பெற்றவள் என்றேன். ஏன் இப்படிக் கத்துகிறாள், யாராவது செத்துவிட்டார்களா என்றார். என் மகளுக்காகக் கத்துகிறாள் என்றேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றதில் பேருந்து போய்விட்டதாம். அடுத்தது அடுத்த வாரம்தானாம். அதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். இந்த விடுமுறைக்கு வேண்டாம், இருக்கட்டும் என்றார்."

அக்காவின் பேச்சில் மனம் மாறினாரா, பேருந்து போனதால் மனம் மாறினாரா என்று பிற்பாடு ஊரில் பெரிய வாக்குவாதம் நடந்தது. நான் பேருந்தின் கட்சி. ஆசம்சைக்காரர்கள் வளவளவென்று பேசிக் கெடுத்த நேரத்தை அக்கா வளவளவென்று ஏசி மீட்டாள், அவ்வளவுதான். இதை அக்காவிடம் சொன்னதற்கு இரண்டு நாள் எனக்கு மீன் கிடைக்கவில்லை.

அன்று சாயா குடிக்கும்போது விருந்தாளியின் சிரிப்பு திரும்பி வந்திருந்தது. ஆனால் அப்பத்தைப் பிய்த்துக்கொண்டே ஒன்று சொன்னார். "ஒவ்வொரு விடுமுறையிலும் நான் ஜெயிக்க வேண்டும். அவர் ஒரே ஒரு தடவை ஜெயித்தால் போதும்."

நான் அதை அக்காவுக்குச் சொன்னேன். அவள் சாயா கிளாசைக் கீழே வைத்தாள்.

"அங்க எப்பெல்லாம் லீவு விடுவாங்க? கேட்டுச் சொல்லு," என்றாள்.

விருந்தாளி மறுநாளே தன் சுற்றுப்பயணத்தை முறித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். எங்கள் செயலாளர் தீர்மானத்தை அனுப்பினார். கூட்டம் உணர்ச்சிகரமாக நடந்தது, சமூகத்தின் எல்லாத் தரப்பினரும் ஆசம்சை வழங்கினர், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். மேடையில் ஆள் இல்லாததால் ஒருமனம் சுலபமாகக் கிடைத்தது. குத்துவிளக்குப் படம் ஒரு வெளிநாட்டு இதழில் வந்தது. படம் நிறைய ஆண்கள். நெய்யாற்றின்கரைச் சம்பந்தம் தவறிப்போயிற்று. பெண்ணுக்கு வாய் கொஞ்சம் கூடுதல் என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா அழுதாள். எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும், மீனை வெட்டிக்கொண்டே அக்கா கேட்பாள். "மக்கா, கொச்சுக்கு லீவு விட்டாச்சா?" விட்டிருந்தால் பூத்துக்குப் போவோம். விருந்தாளியிடம் நலம் விசாரிப்போம். மாமியார் வந்திருந்தால் அக்கா ரிசீவரை வாங்கி ஒரு பாட்டம் ஏசுவாள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஏச்சு வரும். இவளுக்கு அது புரியாது, அவருக்கு இது புரியாது. இரண்டு பேரும் மூச்சு வாங்கும்வரை ஏசிவிட்டு வைப்பார்கள். ஒரு வருஷம் அக்காவுக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. அந்தச் சத்தக்காரிக்கு என்ன ஆயிற்று என்று மாமியார் கேட்டதாக விருந்தாளி சொன்னார். சொன்னதும் அக்கா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் ஒரு நாள் பூத்துக்கார அண்ணன் சாலையைப் பார்த்துச் சத்தம் போட்டார். அலுவலகப் படியில் அக்கா அயலை மீன் விற்றுக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் எடுத்தேன், அக்காவும் பின்னாலேயே வந்தாள். விருந்தாளிதான். மகள் இப்போது தன் உயரம் என்றார். இந்த விடுமுறையில் வீட்டார் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் அவளே எழுந்து நின்று, மாட்டேன் என்று சொன்னாளாம். பிடித்து அமுக்குகிற வயதைத் தாண்டிவிட்டாள், இனி யாரும் கேட்கப்போவதில்லை என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் மாறியது. மகளிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டார்.

நான் ரிசீவரை அக்காவிடம் நீட்டினேன். கையில் செதில் ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் என்னவோ சொன்னது, நின்றது, காத்திருந்தது.

அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. அவளை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கடைசியில் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"சோறு தின்னியா மக்கா?"

அந்தப் பெண் தன் மொழியில் எதையோ நீளமாகச் சொன்னாள். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னாள்:

"தின்னாளாம்."